முதுமையும் வாகனம் ஓட்டலும்: முடிவு செய்வோர் யார்?

மூப்பு, பிணி, சாக்காடு என்னும் மூன்றும் எவரையும் விட்டு விலகா என்பது பௌத்தராயினோர் நாள்தோறும் சிந்திக்கக் கடமைப்பட்ட உண்மை. உலகோர் அனைவர்க்கும் உரிய உண்மையாக அதனை வாயால் ஓதுதல் எளிது. தம் கண்ணும் காதும் காலும் மூப்படைந்துவிட்டன என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, நெடுநாள் செய்துவந்த ஒரு செயலை அதன்பொருட்டுக் கைவிடுதலோ அரிது. அத்தகைய அரிய செயல்களுள் ஒன்று இக்காலத்தில் பல இல்லங்களின் அமைதியைக் கலைத்து வருகின்றது. நாற்பது ஆண்டுகளாக ஸ்கூட்டரோ மோட்டார்க் காரோ ஓட்டிவந்த பெரியவர் அதனை எப்போது நிறுத்துதல் வேண்டும்? அக்காலம் வந்துவிட்டதென்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? அவரா, அவர் மக்களா, மருத்துவரா, அரசாங்கமா? போக்குவரத்துச் சட்டத்தோடு முடிந்துவிடும் விஷயமாக இதனைக் கருதுவோர் உளர். பிறவுயிரின் பாதுகாப்பும், முதியோரின் மானமும், வாய்மையும் ஒருங்கே பிணைந்து நிற்றலின் இஃது ஓர் அறவினாவேயாம். ஆதலின் பகவன் புத்தரின் தர்மத்தைத் துணையாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இருவர் பக்கமும் நியாயம்

கோலார் தங்கவயலில் ஓர் இல்லத்தை மனத்தில் அமைத்துக்கொள்வோம். சாம்பியன் ரீப்ஸில் வாழும் பெரியவருக்கு வயது எழுபத்தாறு. 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர். மக்கள் இருவரும் பெங்களூரில் பணிபுரிகின்றனர். மனைவியாருக்கு நீரிழிவு நோய். மாதந்தோறும் அவரை ராபர்ட்சன்பேட்டை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பெரியவரின் பழைய ஸ்கூட்டரே. அரிசி வாங்குவதற்கும், மருந்து வாங்குவதற்கும், நண்பர் வீட்டு நன்மை தீமைகளுக்கும், பௌர்ணமி நாளில் விகாரைக்குச் செல்வதற்கும் அதுவே அவருக்குக் கால். அண்மையில் அவ்வண்டி இருமுறை வாயிற்சுவரில் உராய்ந்தது. அந்திவேளையில் எதிர்வரும் விளக்கொளி அவர் கண்ணைக் கூசச் செய்கின்றது. அண்டை வீட்டார் வாயிலாகச் செய்தி பெங்களூரை எட்டுகின்றது. “அப்பா, இனி நீங்கள் வண்டியைத் தொடக்கூடாது” என்று தொலைபேசியில் மகன் சொல்கிறார். “உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன் நான், எனக்கு நீ சட்டம் போடுகிறாயா?” என்று தந்தை கேட்கிறார்.

இவருள் எவர் கூற்றையும் நாம் இகழ்தல் தகாது. மகனின் மனக்கண்ணில் திடீரெனத் தெருவில் ஓடிவரும் ஒரு குழந்தை நிற்கின்றது. தந்தையின் மனக்கண்ணில் மருந்தின்றிப் படுத்திருக்கும் மனைவி நிற்கிறாள். இருவரும் ஓர் உயிரைக் குறித்தே கவலையுறுகின்றனர். ஆயினும் மகன் கட்டளையிடுகிறார். தந்தை மானத்தைக் காக்க முயல்கிறார். இடையில் உண்மை மறைந்துபோகின்றது.

அளவுகோலே தேயும் இடர்

மூப்பு உடலில் செய்யும் வேலை பலவகைப்படும். கண்புரை முற்றினால் காட்சி மங்கும். இரவில் விளக்கொளி சிதறிக் கூசும். கண் நீர் அழுத்த நோயோ பக்கப் பார்வையை மெல்ல மெல்ல அரிக்கும். நேரே உள்ளது தெளிவாகத் தெரிதலின் நோயாளி தம் குறையை நெடுங்காலம் உணர்வதில்லை. கழுத்து இறுகித் திரும்ப மறுக்கும். நீரிழிவு நாட்பட்டால் பாதம் மரத்துப்போய் பிரேக்கின்மேல் கால் எவ்வளவு அழுந்தியுள்ளது என்பது புலப்படாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் அறிவே மயங்கும். தூக்க மாத்திரையும், சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகளும் மறுநாட் காலையிலும் மந்தத்தை விட்டுச் செல்லும்.

இவையெல்லாம் உடலின் குறைகள். இவற்றினும் பெரியதோர் இடர் உண்டு. முழக்கோல் தேய்ந்துபோனால் அதனைக்கொண்டே அதன் தேய்வை அளக்க இயலாது. அதுபோலத் தம் திறமையை மதிப்பிடும் அறிவும் மூப்பினால் தேயும்போது, “நான் நன்றாகவே ஓட்டுகிறேன்” என்று ஒருவர் மனமறிந்த பொய்யின்றியே சொல்லக்கூடும். மறதி நோயின் தொடக்கத்தில் இது மிகுதி. பகவன் இளமைச் செருக்கு, உடல்நலச் செருக்கு, வாழ்வுச் செருக்கு என மூன்று செருக்குகளைச் சொல்லி எச்சரித்தார். இளமை கழிந்தபின்னும் இளமைச் செருக்கு கழிவதில்லை. உடல் எழுபதைக் கடந்தும் உள்ளம் முப்பதில் நின்று வண்டி ஓட்டுகின்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அம்மரணங்களுள் பத்தில் ஏழு பங்கிற்கு மேல் மிகுவேகத்தின் விளைவாக வந்தவை. மிகுவேகம் பெரும்பாலும் முதியோர் குற்றமன்று. இரவைத் தவிர்த்து, நெரிசலைத் தவிர்த்து, மெதுவாகச் செல்லும் எழுபது வயதினர் பலர் இருபது வயது வீரரைவிட நல்ல ஓட்டுநர். ஆதலின் வயதையே குற்றமாக எண்ணுதல் நியாயமன்று. பிறப்பைக்கொண்டு ஒருவரை உயர்வென்றும் தாழ்வென்றும் கூறுதல் தகாது, செயலைக்கொண்டே மதித்தல் வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. பிறந்த ஆண்டைக்கொண்டு தீர்ப்பளித்தலையும் அதே நீதி தடுக்கின்றது.

நான்கு தீர்ப்பாளர்

முதலாவது அரசாங்கம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், 55 வயதைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக் காலத்திற்கே வழங்கப்படுகின்றது அல்லது புதுப்பிக்கப்படுகின்றது. நாற்பதைக் கடந்தோர் மருத்துவர் ஒப்பமிட்ட சான்றிதழைத் தருதல் வேண்டும். இத்தனை வயதுக்குமேல் ஓட்டலாகாது என்னும் உச்ச வரம்பு சட்டத்தில் இல்லை. நோயினாலோ உடற்குறையினாலோ ஒருவர் தகுதியிழந்தார் என்று நம்பக் காரணமிருப்பின், எந்நேரத்திலும் உரிமத்தை ரத்துச் செய்யவோ புதிய சான்றிதழ் கேட்கவோ 16ஆம் பிரிவு அதிகாரிக்கு இடமளிக்கின்றது. சட்டத்தின் அமைப்பு தவறன்று. ஆயினும் அதன் கண் ஐந்தாண்டுக்கு ஒருமுறையே திறக்கின்றது. எழுபத்தைந்தில் புதுப்பித்துக்கொண்டவரின் பார்வை எழுபத்தேழில் மங்கலாம். காகிதமோ எண்பது வரை செல்லும். சான்றிதழும் சில இடங்களில் வெறுஞ் சடங்காய் முடிவதை நாம் அறிவோம்.

சோதனையைக் கடுமையாக்கினால் மட்டும் போதுமோ எனின், அதற்கும் ஒரு பாடமுண்டு. பின்லாந்தில் முதியோர்க்கு மருத்துவச் சோதனை கட்டாயமாக இருந்தது. அண்டை நாடாகிய சுவீடனில் அஃது இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு 1996இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சோதனையினால் பின்லாந்து முதியோரின் கார் விபத்துக்கள் குறைந்தனவாகத் தெரியவில்லை என்று கண்டது. அதுமட்டுமன்றி, நடந்தும் சைக்கிளிலும் செல்லும் முதியோரின் மரணம் அங்கே மிகுந்திருந்தது. காரை விட்டவர் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. அதே சாலைக்குக் கவசமின்றி வருகிறார். உரிமத்தைப் பறித்துவிட்டு மாற்றுவழி தராத அரசு ஆபத்தை இடம்மாற்றி வைத்ததேயன்றி நீக்கியதாகாது.

இரண்டாவது தீர்ப்பாளர் மருத்துவர். அவர் கண்ணையும் இரத்தத்தையும் சோதிப்பார். சாலையில் நோயாளியின் பின்னிருக்கையில் அமர்வதில்லை. எனினும் அவரிடம் முதலிற் செல்லுதலே முறை. கண்புரையைச் சத்திர சிகிச்சையால் நீக்கலாம், மருந்தை மாற்றலாம், மூக்குக்கண்ணாடியைத் திருத்தலாம். மூப்பென்று எண்ணியது சில வேளைகளில் தீர்க்கக்கூடிய பிணியாகவே இருக்கும்.

மூன்றாவது மக்கள். அவர்கள் அன்பினால் பேசுகின்றனர், அச்சத்தினாலும் பேசுகின்றனர். தொலைவில் இருப்பதனால் எழும் குற்ற உணர்ச்சி கட்டளையாக வெளிப்படுவதும் உண்டு. “ஊர் என்ன சொல்லும்?” என்னும் எண்ணமும் உடன் கலந்திருக்கும்.

நான்காவது முதியவர் தாமே. தம் வாழ்வை ஆளும் உரிமை அவருடையது என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமையைத் தனித்தே செலுத்தினால் நேரக்கூடியது யாது என்பதற்குத் தோக்கியோ நகரில் 2019 ஏப்ரலில் நிகழ்ந்த துயரம் சான்று. இக்கெபுகுரோப் பகுதியில் 87 வயதான ஒருவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. பிரேக் என்று எண்ணி அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் என நீதிமன்றம் கண்டது. காரிலேயே பழுது என்று அவர் வாதாடினார். 2021இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உரிமத்தைத் தாமாகவே திருப்பித் தரும் ஏற்பாடு ஜப்பானில் 1998 முதல் உண்டு. அத்துயரம் நிகழ்ந்த 2019இல் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் அவ்வாறு தந்தனர். பிறர் குழந்தையின் சாவு அத்தனை இல்லங்களில் வாய்திறக்கச் செய்தது. அக்குழந்தை சாகாமலே நாம் வாய்திறக்கக் கூடாதா என்பதே நம் கேள்வி.

சக்குபாலர் கதையும் நம் கடமையும்

இங்கே ஒருவர் தர்மத்தையே எடுத்து எதிர்வாதம் செய்யலாம். தம்மபத உரையின் முதற்கதை கண்ணிழந்த சக்குபாலத் தேரரைப் பற்றியது. மழை பெய்த இரவின் கடைச்சாமத்தில் அவர் உலாவியபோது காலடியில் பூச்சிகள் பல மாண்டன. பிக்குகள் முறையிட்டபோது, கொல்லும் எண்ணம் அவருக்கில்லை, ஆதலின் கொலைக்குற்றமும் இல்லை என்று பகவன் தெளிவித்தார். “எண்ணமே கர்மம் எனின், கண் மங்கிய முதியவர் அறியாது ஒருவரை மோதினால் அவருக்குப் பாவம் ஏது?” என்பது வாதம்.

மோதிய கணத்தில் கொல்லும் எண்ணம் இல்லை என்பது மெய்யே. அவரைக் கொலைஞர் என்று சொல்லுதல் தகாது. ஆனால் எண்ணம் என்பது அந்த ஒரு கணத்தோடு நிற்பதில்லை. தேரர் தம் உலாவிடத்திலே கால்நடையாக உலாவினார்; பூச்சிகள் வெளிவந்திருந்ததை அவர் அறியார். மாலையில் தம் கண் கூசுவதை அறிந்த ஒருவர், பள்ளி விடும் வேளையென்றும் அறிந்து, சாவியைக் கையில் எடுக்கும்போது ஓர் எண்ணம் நிகழ்கின்றது. “பார்த்துக்கொள்ளலாம்” என்னும் அந்த எண்ணத்திற்குப் பமாதம், அதாவது விழிப்பின்மை, என்று பெயர். விழிப்போடு முயலுங்கள் என்பதன்றோ ததாகதர் இறுதியாக மொழிந்த உபதேசம்? ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், அது தமக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ தீங்கு தருமோ என்று கண்ணாடியிற் காண்பதுபோல் நோக்கும்படி இராகுலருக்கு அவர் அறிவுறுத்தினார். சாவி தொங்கும் ஆணியின் அருகே நிற்கும்போது நோக்க வேண்டிய கண்ணாடி அதுவே.

பவாரணை காட்டும் வழி

தம் கண்ணாடியே மங்கினால் என் செய்வது? இதற்கு விடை சங்கத்தின் பழைய வழக்கமொன்றில் இருக்கின்றது. மழைக்கால வாசம் முடியும் பௌர்ணமியன்று பிக்குகள் ஒன்றுகூடிப் பவாரணை செய்வர். ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் அமர்ந்து, தம்மிடம் கண்டதாகவோ கேட்டதாகவோ ஐயுற்றதாகவோ குற்றம் ஏதேனும் இருப்பின் கருணையோடு எடுத்துரைக்குமாறு வேண்டிக்கொள்வர். இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை மூன்று. குற்றம் சொல்லும் உரிமையைப் பிறர் பறித்துக்கொள்வதில்லை. கேட்பவரே மனமுவந்து அளிக்கிறார். எல்லோரிலும் மூத்த தேரரே முதலில் வேண்டுகிறார்; ஆதலின் கேட்பதனால் மூப்பின் மானம் குறைவதில்லை. கண்ணாற் கண்ட குற்றம் மட்டுமன்று, ஐயத்தையும் சொல்லலாம். பகவனே ஒருமுறை பிக்குகளை நோக்கித் தம் உடற்செயலிலோ சொல்லிலோ குறைகாண உண்டா என்று வினவியதாகச் சூத்திரம் கூறும். நிறைஞானியே கேட்டாரெனின், நாம் கேட்பதில் நாணம் எதற்கு?

ஆகவே, முடிவு செய்வோர் யார் என்னும் கேள்விக்கு நம் விடை இதுவாகும். முடிவு முதியவருடையதே, ஆனால் தனியே செய்யும் முடிவாக அது இருத்தல் ஆகாது. அறிவும் கண்ணும் நன்றாக இருக்கும் அறுபதாம் வயதிலேயே, தம்மை நேசிக்கும் இருவரையோ மூவரையோ அழைத்து, “என் ஓட்டத்தில் குறை கண்டாலும், கேட்டாலும், ஐயுற்றாலும் எனக்குச் சொல்லுங்கள். சொன்னால் கோபியேன், மருத்துவரிடம் செல்வேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்” என்று அவர் சொல்லி வைக்கட்டும். ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கட்டும். தெளிந்த அறிவு பின்னாளின் மங்கிய அறிவைக் காக்கும் ஏற்பாடு இது. நிறுத்தும் நாள் வரும்போது பிறர் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவராக அவர் ஆகமாட்டார். தம் சொல்லைத் தாமே காத்தவர் ஆவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவேண்டுவதும் இல்லை. முதலில் இரவுப் பயணம், பின்னர் நெடுஞ்சாலை, பின்னர்ப் பேரனைப் பின்னே ஏற்றுதல், இறுதியில் வண்டி எனப் படிப்படியாக விடலாம்.

அழைக்கப்பட்டவர்க்கும் கடமை உண்டு. பிறரைத் திருத்தப் பேசுவோர் உரிய காலத்தில், உண்மையாக, மென்மையாக, பயன்தருமாறு, மைத்திரி நிறைந்த உள்ளத்தோடு பேசுதல் வேண்டும் என்று பகவன் ஐந்து நெறிகளை வகுத்தார். உறவினர் நிறைந்த கல்யாண வீட்டில் தந்தையின் ஓட்டத்தைக் கேலி செய்தல் இவ்வைந்தில் ஒன்றிலும் அடங்காது. மேலும், சிகாலோவாத சூத்திரத்தில் பெற்றோர்க்கு மக்கள் ஆற்றும் கடமைகளுள் அவர்கள் வேலையைத் தாம் ஏற்றுச் செய்தல் என்பதும் ஒன்று. சாவியை வாங்கும் மகன் அச்சாவி செய்துவந்த வேலையையும் வாங்கிக்கொள்ளல் வேண்டும். தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது யார், மருந்து வாங்குவது யார், பௌர்ணமியன்று ஆட்டோவிற்குப் பணம் தருவது யார் என்பவற்றிற்கு விடை சொல்லாமல் சாவியை மட்டும் கேட்பது பாதித் தர்மமே.

மறுப்பவரும் மறந்தவரும்

அழைப்பே தராத முதியவரும் உளர். அறிவு முற்றும் மங்கியவரும் உளர். அவர்க்குப் பவாரணை போதாது. மென்மையாகப் பலமுறை சொல்லியும் கேளாது, ஆபத்தும் கண்கூடாகத் தெரியுமாயின், குடும்பத்தார் வண்டியை அகற்றுவதும், வட்டாரப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிப்பதும் கடமையாகும். உயிர்க்கொலை விலக்கலே நம் முதற் சீலம். தெருவில் செல்லும் அயலார் குழந்தைக்கு அவ்வீட்டில் வாதாடுவோர் எவருமிலர். அதன் உயிர் நம் தந்தையின் மனவருத்தத்தினும் கனமுடையது. ஆயினும் நான்காம் சீலத்தையும் நாம் மறத்தலாகாது. “வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது, அடுத்த வாரம் வரும்” என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது பொய். “உங்கள் கண்ணுக்காக வண்டியை விற்றுவிட்டோம், போகவேண்டிய இடத்தைச் சொல்லுங்கள், நான் அழைத்துப்போகிறேன்” என்பது உண்மை. மறதியுற்றவர் பத்துமுறை கேட்டால் பத்துமுறையும் அதையே பொறுமையோடு சொல்லலாம். பொய் எளிது, பொறுமை அரிது. அரியதைச் செய்வதற்கே பாரமிதை என்று பெயர்.

பொதுமக்களுக்கும் அரசுக்கும் பங்கு உண்டு. மூத்த குடிமக்களுக்கு இரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2023 ஜூனில் கர்நாடகம் அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. முதன்மையானது முதியவரிடம் வண்டியை விடாதே என்கிறது. பின்னது விடுவதற்கு வழி காட்டுகின்றது. தாழ்ந்த படியுள்ள பேருந்தும், உடையாத நடைபாதையும் இருந்தால் எத்தனையோ பேர் தாமே சாவியை வைத்துவிடுவர்.

நம் சங்கக் கிளைகள் ஒன்று செய்யலாம். பவாரணைப் பௌர்ணமியன்று, அறுபதைக் கடந்த அன்பர்கள் தத்தம் குடும்பத்தார் முன் மேற்சொன்ன வேண்டுகோளை வைக்குமாறு விகாரையில் தூண்டலாம். கண் பரிசோதனைக்கு அந்நாளையே குறித்துக்கொள்ளலாம். வண்டியை விட்ட பெரியவர்களைப் பௌர்ணமிதோறும் அழைத்துவரும் பொறுப்பை இளைஞர்கள் முறைவைத்து ஏற்கலாம். வண்டி விட்டவர் விகாரையையும் விட்டவராகாதபடி காத்தல் நம் கடன்.

மகா பரிநிப்பாண சூத்திரத்தில் ததாகதர் தமக்கு எண்பது வயதாயிற்றென்றும், வாரினால் கட்டிக் கட்டி ஓட்டப்படும் பழவண்டி போன்றது தம் உடலென்றும் ஆனந்தரிடம் கூறுகிறார். குசிநாரைக்குச் செல்லும் வழியில், தாம் களைப்புற்றதாகச் சொல்லி, மேலாடையை மடித்து விரிக்கவும் தண்ணீர் கொண்டுவரவும் வேண்டுகிறார். தம் உடலின் தளர்ச்சியை உள்ளபடி சொல்லவும், இளையவர் உதவியை இனிதே ஏற்கவும் அவர் தயங்கினாரில்லை. இந்நெறியைப் பின்பற்றும் முதியோர் இருக்கும் தெருவில் குழந்தைகள் அச்சமின்றி நடக்கும்.

சகல உயிர்களும் நலமுறுக!